தொழிற்பழகுதலும் மலைநாட்டு இளைஞரும்

நம் கல்லூரி ஆண்டு மலரில் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் எழுதும் கட்டுரை பெரும்பாலும் சங்க நூல்களையோ காப்பியங்களையோ பற்றியதாக அமைதல் மரபு. யானும் அம்மரபினையொட்டிக் குறிஞ்சித் திணையைப் பற்றிச் சில எழுதலாமெனக் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். ஆயின் சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று, ஏட்டிற் பயின்ற குறிஞ்சியை விடுத்துக் கண்ணெதிரே நிற்கும் குறிஞ்சியைக் காண நேர்ந்தபோது, அக்குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு வேறொன்றை எழுதுதலே கடனெனத் துணிந்தேன். இலக்கியக் கட்டுரையை எதிர்நோக்கும் பேராசிரியப் பெருமக்கள் இச்சிறுவனைப் பொறுத்தருள்வாராக.

எனது ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையினின்று இழிந்துவரும் கோமுகி ஆற்றிற்கு அணித்தே உள்ளது. பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற நண்பன் ஒருவன் மலைமேலுள்ள ஒரு சிற்றூரினன். கணக்கில் என்னினும் வல்லவன். பத்தாம் வகுப்புத் தேறியதும் யான் மேனிலைப் பள்ளிக்குச் சென்றேன். அவன் வெளியூரிலுள்ள ஒரு பற்றவைப்புப் பட்டறைக்குச் சென்றான். இரண்டாண்டிற்கு மேல் அங்கு உழைத்தான். இரும்பை இணைக்கும் வித்தை அவன் கைக்கு நன்கு படிந்தது. ஒருநாள் வலக்கையில் தீப்புண் நேர, பத்து நாள் வேலைக்குச் செல்ல இயலவில்லை. பதினோராம் நாள் சென்றபோது அவனிடத்தில் வேறொருவன் நின்றான். மருத்துவச் செலவு அவன் தந்தையின் தலையில் விழுந்தது. பட்டறையின் கணக்கேட்டில் அவன் பெயர் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை யென்பது அப்பொழுதுதான் தெரியவந்தது.

இந்நிகழ்ச்சியைச் சொல்லி முடித்தபின் அவன் என்னை நோக்கி, "நீ கல்லூரியிற் படிக்கிறவன். எனக்கு இந்தத் தொழில் தெரியும் என்று எழுதித் தருவார் எங்கேனும் உண்டா? நான் எங்கே போய்க் கேட்பது?" என்றான். விடை கூற இயலாது விழித்தேன். தொல்காப்பியத்தில் வினா வந்தால் விடை கூறும் எனக்கு, என் நண்பனது வாழ்வைப் பற்றிய வினாவிற்கு விடை தெரியவில்லை. அன்று தொடங்கிப் பலரிடம் கேட்டும், சட்டத்தைப் படித்தும் யான் அறிந்தவற்றையும், அவற்றால் எனக்குத் தோன்றும் கருத்தையுமே இங்கு எழுதுகின்றேன்.

தொழிற்பழகுதல் என்பது யாது? வல்லான் ஒருவனிடத்தோ ஒரு தொழிற்சாலையிடத்தோ குறித்த காலத்திற்கு ஒப்பந்தஞ் செய்துகொண்டு, வேலை செய்தே வேலையைக் கற்றல். இது மிகப் பழையதொரு முறை. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒரு தொழிலை நடத்த விரும்புவோன் ஏழாண்டு பழகியிருத்தல் வேண்டுமென விதித்தது. நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்தில் 1850-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பழகுநர் சட்டமோ, முதன்மையாக அனாதைச் சிறுவரையும் ஏழைச் சிறுவரையும் கருதி எழுந்தது. பத்து வயதிற்கு மேற்பட்ட பிள்ளையை ஏழாண்டுவரை ஒரு தொழிலாளியிடம் கட்டுப்படுத்தி விட அது இடந்தந்தது. தொழில் கற்றல் என்றாலே கதியற்றவர்க்கு உரியதென்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் வேரூன்றியதற்கு இத்தகைய தொடக்கமும் ஒரு காரணமோ என ஐயுறுகின்றேன்.

விடுதலைக்குப் பின்னர், 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் அந்நிலையை மாற்றிற்று. இச்சட்டத்தின்படி பழகுநர் அடிமையுமல்லர், வெறுங்கூலியுமல்லர், கற்பவர். பதினான்கு வயது நிரம்பியவர் சேரலாம். இடர் மிகுந்த தொழில்களுக்குப் பதினெட்டு வயது வேண்டும். ஆண் பெண் இருபாலாரும் சேரலாம். சேருமுன் முதலாளிக்கும் பழகுநர்க்கும் இடையே எழுத்து வடிவில் ஒப்பந்தம் ஏற்படல் வேண்டும். பழகுநர் வயது வராதவராயின் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிடுவர். அவ்வொப்பந்தம் அரசின் பழகுநர் ஆலோசகரிடம் பதிவாதல் வேண்டும். பயிற்சிக் காலம் தொழிலுக்குத் தக்கவாறு ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை அமையும். முன்பயிற்சி இல்லாதவர்க்கு முதலில் அடிப்படைப் பயிற்சியும், பின்னர்த் தொழிற்சாலையில் நேர்முகப் பயிற்சியும் அளிக்கப்படும். குறிக்கப்பெற்ற தொழில்களில் இறுதியில் அனைத்திந்தியத் தேர்வும், தேறினால் நாடு முழுவதும் செல்லும் தேசியப் பழகுநர் சான்றிதழும் உண்டு. பயிற்சியின்போது விபத்து நேரின் இழப்பீடு வழங்குதல் முதலாளியின் கடமை. என் நண்பன் இரண்டாண்டில் பெறாதவை யாவும் இச்சில வரிகளுள் அடங்கியிருத்தலைக் காண்க. அவன் கற்ற தொழில் அதுவே. அவன் உழைத்த உழைப்பும் அதுவே. இல்லாமற் போனது ஒரு தாள் மட்டுமே.

பழகுங்காலத்தில் உதவித்தொகையும் உண்டு. 2019-ஆம் ஆண்டு திருத்திய விதிகள் திங்களொன்றிற்குக் குறைந்த அளவாக வகுத்தவை இவை: ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை பயின்றோர்க்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புத் தேறினோர்க்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்புத் தேறினோர்க்கும் தொழிற்பயிற்சி நிலையச் சான்று பெற்றோர்க்கும் 7,000, பட்டயம் பெற்றோர்க்கு 8,000, பட்டதாரிகட்கு 9,000. இரண்டாம் ஆண்டில் நூற்றுக்குப் பத்தும், மூன்றாம் ஆண்டில் பதினைந்தும் உயர்த்தி வழங்கல் வேண்டும். இத்தொகைகளை நூற்றுக்கு முப்பத்தாறு அளவு உயர்த்துமாறு மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் 2025-ஆம் ஆண்டு மே திங்களிற் பரிந்துரைத்தது. ஆதலின் விண்ணப்பிப்போர் அவ்வப்போது நடைமுறையிலுள்ள அளவைப் பார்த்தறிதல் நன்று. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், உதவித்தொகையில் நான்கிலொரு பங்கை, திங்களுக்கு 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசே ஏற்கின்றது.

முப்பதின்மர்க்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆட்டொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரை எடுத்தே தீரல் வேண்டுமென்பது சட்டம். நால்வர் முதல் இருபத்தொன்பதின்மர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். நம் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. 2023-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு நிறுவனமொன்று 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் இருபதினாயிரவர்க்கு வேலை தரத்தக்க காலணித் தொழிற்சாலையை இம்மாவட்டத்தில் அமைப்பதாகத் தமிழக அரசோடு உடன்படிக்கை செய்தது. ஆலையைப் பார்த்தவுடன் நம்மவர் கேட்கும் வினா, "அங்கே வேலை கிடைக்குமா?" என்பதே. "அங்கே பழகுநராகச் சேர்த்துக்கொள்வரா?" என்று கேட்பாரை யான் இதுவரை கண்டதில்லை. முன்னதற்கு விடை முதலாளியின் விருப்பம். பின்னதற்கு விடை சட்டத்தில் உள்ளது.

விண்ணப்பிக்கும் வழியையும் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் வழி அறியாமையே பெருந்தடையாக நிற்கின்றது. முதலாவது, 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' என்னும் அரசு இணையதளத்தில் பெயரைப் பதிதல் வேண்டும். அதற்கு ஆதார் எண், கல்விச் சான்றிதழ், நிழற்படம், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, ஆதாரோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். இரண்டாவது, விரும்பும் தொழிலையும் ஊரையும் குறித்துத் தேடி, அங்குள்ள நிறுவனங்களின் அறிவிப்புகட்கு விண்ணப்பித்தல். மூன்றாவது, நிறுவனம் இசைந்தால் ஒப்பந்தம் இணையவழியே உருவாகும்; அதனைப் படித்துப் பார்த்து, தொழிலின் பெயர், காலம், உதவித்தொகை ஆகிய மூன்றும் சரியாக உள்ளனவா என உறுதி செய்துகொண்டு ஏற்றல். இணையத்தில் வழி தெரியாதார் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தையோ, அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தையோ அணுகலாம். பழகுநர் சேர்க்கை முகாம்களும் அவ்வப்போது நடைபெறுகின்றன. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கையில் வைத்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில் குறிக்கப்பெற்ற தொழில்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சியிடங்களை ஒதுக்க இச்சட்டமே ஏற்பாடு செய்துள்ளது. இடம் பெற்றுத் தருவதாகக் கூறித் தரகு கேட்பார் எவரேனும் வரின், அவர் காட்டுவது நேர்வழியன்றெனத் தெளிக.

முதலில் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டோ ஈராண்டோ பயின்று பின்னர்ப் பழகுநராதல் மற்றொரு வழி. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியவர் இதிற் சேரலாம். அரசு நிலையங்களிற் பயிற்சிக் கட்டணம் இல்லை. திங்கள்தோறும் 750 ரூபாய் உதவித்தொகையும் மிதிவண்டியும் பேருந்துச் சலுகையும் உண்டு. கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியாகிய கருமந்துறையிற் பழங்குடியினர்க்கெனவே ஓர் அரசு நிலையம் இயங்கி வருகின்றது. அங்ஙனம் பயின்றோரை ஆண்டுதோறும் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும், பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையும், பொன்மலை முதலிய இரயில்வேப் பணிமனைகளும் பழகுநராக எடுக்கின்றன. இரயில்வேயில் இதற்கு எழுத்துத் தேர்வில்லை. பள்ளியிலும் பயிற்சி நிலையத்திலும் பெற்ற மதிப்பெண்களே அளவுகோல். பெரம்பூர்த் தொழிற்சாலை, தொழிற்பயிற்சி நிலையம் செல்லாத பள்ளி மாணவரையும் புதியோராக எடுப்பதுண்டு. பயிற்சி முடித்தோர்க்கு இரயில்வேயின் முதனிலைப் பணியிடங்களில் நூற்றுக்கு இருபது ஒதுக்கீடும் உண்டு.

இங்குப் பயிலும் நண்பர்கட்கும் ஒரு சொல். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர்ப் பொறியியல் பயின்றோர் மட்டுமன்றிக் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் பழகுநராகலாம். பட்டதாரிகட்கென மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் உள்ளது. தென்மாநிலங்கட்குரிய அதன் வாரியம் சென்னைத் தரமணியில் இயங்குகின்றது. தமிழ் பயின்ற யானும் ஒரு பதிப்பகத்திலோ நூலகத்திலோ ஓராண்டு பழகுநராக அமரலாமென்பதை இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் அறிந்தேன். ஆதலின் பழகுநர் என்னும் பெயர் பிறர்க்கு மட்டுமே உரியதென்று நம்முள் எவரும் எண்ணற்க.

இனி, கல்வராயன் மலைக்கு இது ஏன் இத்துணை இன்றியமையாதது எனக் கூறுவேன். கீழ்நாட்டார் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. நாடு விடுதலை பெற்றது 1947-ஆம் ஆண்டில். ஆனால் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையினின்று அரசின் நேராட்சிக்கு வந்தது 1976-ஆம் ஆண்டிலேதான். ஏறத்தாழ முப்பதாண்டு பிந்தித் தொடங்கியவரை ஏனையோரோடு ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்லுகின்றோம். மலையில் மழையை நம்பிய பயிர். அறுவடை முடிந்தபின் கூலிக்குப் பிறநாடு செல்லல். இதுவே பல குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு. மரம் வெட்டுதலில் வல்ல அக்கைகளைத் தேடி வரும் முதல் முதலாளி தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. செம்மரக் கடத்தலின் தரகனே முதலில் வருகின்றான். முன்பணங் கொடுக்கின்றான், வண்டியில் ஏற்றுகின்றான். 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் 7-ஆம் நாள் ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் காவலரின் துப்பாக்கிக்கு இரையானோர் இருபதின்மர். தமிழகத்தின் வறிய சிற்றூர்களிலிருந்தும் மலையூர்களிலிருந்தும் சென்ற கூலிகள் அவர்கள். கோடரி பிடித்தவன் மாண்டான். மரத்தை வாங்குவோன் வாழ்கின்றான்.

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயங் குடித்து அறுபதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாளிதழ்களில் நம் ஊர்ப்பெயர் நாடெங்கும் பரவியது. அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்து ஆராயத் தலைப்பட்டது. காய்ச்சுவோரைப் பிடித்தலும் ஊறலை அழித்தலும் வேண்டுவனவே. எனினும், ஒரு வழியை அடைப்போர் மற்றொரு வழியைத் திறந்து வையாராயின், அடைத்த வழியே மீண்டும் திறக்கும். பதினேழு வயது இளைஞன் முன்னே நாம் திறந்து வைத்துள்ள வழி யாது என்பதே என் வினா.

கள்ளக்குறிச்சிக்கு மற்றொரு பெயரும் உண்டு, அது மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் முதலிய இடங்களிலுள்ள தச்சர் வாகை, தேக்கு முதலிய மரங்களில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு தெய்வ உருவங்களையும், கதவு நிலைகளையும், வாகனங்களையும் செதுக்குகின்றனர். 2021-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயின் அக்குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். செய்யும் கையைப் பெருக்காது. இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞன் எங்கே செல்வான்? தந்தையோ மாமனோ சிற்பியாயின் பட்டறையில் அமரலாம். அஃதில்லையேல், 1957-ஆம் ஆண்டு தொடங்கிய மாமல்லபுரத்து அரசு சிற்பக் கல்லூரிக்குச் செல்லலாம். அதுவோ பள்ளிப் படிப்பை முடித்தார்க்குரியது, தொலைவிலும் உள்ளது. பட்டறைகளிற் பல, தந்தையும் மக்களும் ஒரிருவருமாக நடத்துவன. நால்வர்க்குக் குறைந்த இடத்தைப் பழகுநர் சட்டம் கருதுவதில்லை. ஆகவே எத்தொழிலால் நம் மாவட்டம் புகழ்பெறுகின்றதோ, அத்தொழிலுக்கே சட்டத்தின் கதவு மூடியிருக்கின்றது. மலையில் மரம் இன்னதென அறிந்த இளைஞனும், கீழே மரத்தைச் சிற்பமாக்கும் முதியவரும், மலைப்பாதை ஒன்றால் மட்டுமே பிரிக்கப்பட்டு, ஒருவரையொருவர் அறியாது வாழ்கின்றனர்.

இதற்குத் தீர்வு சட்டத்திலேயே ஓரளவு உண்டு. முதலாளிகள் பலர் ஒன்று கூடிப் பழகுநரைத் தம் இடங்களுக்குள் மாறி மாறி அனுப்பிப் பயிற்றுவிக்கலாமென அச்சட்டம் இசைவளிக்கின்றது. நால்வரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் சிற்பப் பட்டறைகள் தம்முட் கூடி, ஒன்றில் உருவெழுதுதலும், ஒன்றில் பருவெட்டும், ஒன்றில் நுண்செதுக்கும் கற்பிக்கலாமன்றோ? அவற்றினுஞ் சிறிய பட்டறைகளைக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக ஒரே நிறுவனமாகக் கருதுமாறு விதிகளைத் திருத்தலாமன்றோ? கைவினைஞர்க்கென மத்திய அரசு 2023-ஆம் ஆண்டில் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. அது குலவழித் தொழிலை வலியுறுத்துவதாகக் கருதிய தமிழக அரசு அதனை ஏலாது, 2025-ஆம் ஆண்டில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கி, முப்பத்தைந்து வயதிற்கு மேற்பட்டோர்க்குக் கடனும் மானியமும் வழங்க முற்பட்டது. முதிர்ந்த கைவினைஞர்க்கு இது நற்றுணை. ஆனால் முப்பத்தைந்து வயதில் ஒருவன் வல்லவனாக வேண்டுமாயின், பதினேழு வயதில் அவன் எங்கேனும் பழகியிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் எழக்கூடிய தடைகளுக்கும் விடை கூறல் முறை. "மலைப்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பாமல் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுகின்றாயே, நீ மட்டும் பட்டம் பெறுவாயோ?" என ஒருவர் வினவலாம். வினவவும் வேண்டும். 1953-ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் பெற்றோரின் தொழிலிலும் பயிலுமாறு அமைந்தது. குலக்கல்வி எனப் பெயர்பெற்றுப் பெருங்கிளர்ச்சியை எழுப்பிய அது, 1954-ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. கைவிட்டது தக்கதே. ஆயின் அத்திட்டத்தின் குற்றம் கைத்தொழிலைக் கற்பித்ததன்று; இன்னார் மகன் இன்னதையே கற்க என வரையறுத்தது. யான் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. தச்சன் மகன் மருத்துவனாகட்டும். உழவன் மகள் மின்பணியாளராகட்டும். மலையாளிப் பழங்குடியிற் பிறந்தவன் சிற்பியாகட்டும். குடும்பத்துள் மட்டும் கைமாறும் தொழிலுக்குப் பிறப்பே நுழைவுச் சீட்டு; ஒப்பந்தத்தால் கற்கும் தொழிலுக்கு விருப்பமும் உழைப்புமே நுழைவுச் சீட்டு. கல்லூரிக்குச் செல்ல விரும்புவோரைத் தடுப்பார் தடுக்கப்படுக. செல்லாதார்க்கு வழியில்லாமையும் அவ்வாறே நீக்கப்படுக.

"பழகுநர் என்ற பெயரால் முதலாளிகள் மலிந்த கூலியைப் பெறுவர்" என்பது மற்றொரு தடை. இதில் உண்மை இல்லாமலில்லை. பழகுநர் தொழிலாளி அல்லர் எனச் சட்டமே கூறுகின்றது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீர வேண்டுமென்னுங் கட்டாயமும் பொதுவாக இல்லை. நிலையான தொழிலாளரைக் குறைத்து ஆண்டுதோறும் புதிய பழகுநரால் ஆலையை நடத்த எண்ணுவோர் இருக்கலாம். இதற்கு மருந்து பழகுநர் முறையை ஒழித்தலன்று, அதனைக் கண்காணித்தல். செருமானிய நாட்டில் இளைஞர் வாரத்திற் சில நாள் தொழிற்சாலையிலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் பயில்வர். தேர்வை நடத்துவது அவரைப் பயிற்றும் ஆலை அன்று, தொழில் வணிக மன்றம். கற்பிக்கும் கை வேறு, அளக்கும் கை வேறு என்பதால் அங்கு ஏமாற்று அரிது. நம் நாட்டிலும் ஆய்வாளர் காகிதத்தை மட்டும் பாராது, பழகுநரைத் தனியே அழைத்து, "இத்திங்கள் என்ன கற்றாய்?" எனக் கேட்பாராயின் பாதிக் குறை தீரும். ஒப்பந்தத்தோடு கூடிய பழகுநர்க்கே இவ்விடர் உண்டெனின், ஒப்பந்தமில்லாத என் நண்பன் போன்றார்க்கு எத்துணை!

உண்மையான தடை பிறிதொன்று, அது செலவு. வெள்ளிமலையிலிருந்து நெய்வேலிக்கோ சென்னைக்கோ சென்று தங்குவோன் 6,000 ரூபாயில் வாடகையுங் கொடுத்து உணவும் உண்டு வீட்டுக்கும் அனுப்புதல் இயலுமா? இயலாது. தரகன் கொடுக்கும் முன்பணம் வெல்லுமிடம் இதுவே. ஆகவே பழங்குடிப் பழகுநர்க்குத் தங்கும் விடுதியும், முதல் திங்களுக்கு முன்தொகையும் அரசு அளித்தல் வேண்டுமென்பது என் கருத்து. கல்லூரி மாணவர்க்கு விடுதி கட்டும் அரசுக்குப் பழகுநர்க்கு விடுதி கட்டுதல் புதுமையன்று. அவனும் மாணவனே.

அரசு செய்ய வேண்டுவதைக் கூறிவிட்டு நாம் கைகட்டியிருத்தல் முறையாகாது. மாணாக்க நண்பர்களே, நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ஆண்டுதோறும் முகாமிட்டுத் தெருவைத் துப்புரவு செய்கின்றோம், மரக்கன்றும் நடுகின்றோம். அடுத்த முகாமை மலையடிவாரத்தில் அமைத்து, இரண்டு கணினிகளோடு அமர்ந்து, வரும் இளைஞர்க்குப் பெயர்ப்பதிவு செய்து கொடுப்போமா? சாதிச் சான்றிதழ் இல்லாதார்க்கு விண்ணப்பம் எழுதித் தருவோமா? நம் கல்லூரியிற் பயின்று இன்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உயர்ந்த நிலையிலிருக்கும் பழைய மாணவர் இம்மலரைப் படிப்பரென அறிவேன். ஐயன்மீர், அம்மையீர், தங்கள் நிறுவனத்தில் எத்தனை பழகுநர் இருத்தல் வேண்டும், எத்தனை பேர் இருக்கின்றனர் என ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நும் கையொப்பம் ஒன்று ஒரு மலையூர்க் குடும்பத்தின் வழியை மாற்றலாம்.

என் நண்பனைப் பற்றிக் கூறி முடிக்கின்றேன். கடந்த இரண்டாண்டுகளுக்குச் சான்று பெற இயலுமா எனப் பார்த்தோம். பட்டறையிற் பழகியோர் தனித்தேர்வராகத் தொழில் தேர்வெழுத வழியுண்டு; ஆயின் அதற்கும் வேலை செய்தமைக்குரிய அனுபவச் சான்று வேண்டும். பட்டறையாளர் அதனைத் தர மறுத்துவிட்டார். எனவே, போன காலத்தை விட்டுவிட்டு, ஒரு மாலையில் ஊரிலுள்ள கணினி நிலையத்தில் இருவரும் அமர்ந்து, அவன் பெயரைப் பழகுநராகப் பதிந்தோம். தொழிலின் பெயரைக் கேட்கும் கட்டத்தில், 'பற்றவைப்பவர்' என்பதை அவனே தேர்ந்தான். முன்பயிற்சி உண்டோ என்னும் வினாவிற்கு 'இல்லை' என்று குறிக்க நேர்ந்தபோது மட்டும், புண்ணாறிய அவ்வலக்கை சற்றே தயங்கிற்று. தெரிந்த தொழிலைத் தெரியாதெனக் குறிக்கவேண்டிய அந்நிலை இனி வருபவர்க்கேனும் வாராதிருத்தல் வேண்டும். அதற்காகவே இதனை எழுதினேன்.